அம்மா காய்ச்சலை மறைத்தது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 46, அண்ணனுக்கு 51. அம்மாவுக்கு 74, பல வருடமாகச் சுகர் உண்டு. அவர் தனியாக இருக்கிறார், நாங்கள் இருவரும் வெளியூரில். கொரோனா தடுப்பூசி தீவிர நோயைத் தடுக்கிறதா என்று எனக்கும் அண்ணனுக்கும் 2021இல் தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. “95 சதவீதம் என்றார்கள், அத்தனையும் பொய். ஆஸ்பத்திரியில் படுத்தவர்களில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள்தான்” என்பது அவர் கட்சி. தொற்று வரலாம், ஆனால் ஊசி போட்டவருக்கு நோய் முற்றவே முற்றாது என்பது என் கட்சி. அவர் பையனுக்கும் ஊசி போடவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் இதே பேச்சு. நான் அனுப்பும் ஆய்வுகளை அவர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அம்மா யார் பக்கமும் சேராமல் “விடுங்கப்பா” என்பார். போன மாதம் அவருக்கு நாலு நாள் காய்ச்சலும் இருமலும் இருந்ததாம், பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். இப்போது நன்றாக இருக்கிறார். அண்ணனுக்குப் புரியவைப்பது எப்படி? பேசாமல் குழுவிலிருந்து விலகிவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரிக்கு,

அண்ணன் தங்கை, மாமனார் மருமகன், கணவன் மனைவி என்று ஆள் மாறி மாறி இந்தக் கடிதம் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. கொரோனா அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதமே அறிவித்துவிட்டது. வீடுகளுக்குள் இன்னும் முடியவில்லை. எதிராளிக்கு எப்படிப் புரியவைப்பது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் படித்துக்கொண்டு வந்தேன், அந்தக் காய்ச்சல் விஷயம் வரும் வரைக்கும்.

நாலு நாள். 74 வயது, சுகர், தனி வீடு. இரண்டு பிள்ளைகள், இருவர் கையிலும் போன். அந்த நாலு நாளும் குழு சும்மா இருந்திருக்காது. நீங்கள் அனுப்பிய ஆய்வும் அண்ணன் அனுப்பிய வீடியோவும் அம்மாவின் போனில் வந்து விழுந்துகொண்டே இருந்திருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இருமிக்கொண்டு, ஊசி நோயைத் தடுக்குமா தடுக்காதா என்று பெற்ற பிள்ளைகள் அடித்துக்கொள்வதை அவர் படுத்தபடி பார்த்திருப்பார். ‘எனக்குக் காய்ச்சல்’ என்று அதே குழுவில் தட்டிவிட எவ்வளவு நேரம் ஆகும்? தட்டவில்லை. பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தது, உங்களுக்குத் தெரியவில்லை.

ஏன் என்று கேட்டுப் பார்த்தீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. ‘இப்போது நன்றாக இருக்கிறார்’ என்று முடித்துக்கொண்டு அடுத்த வரியிலேயே அண்ணனுக்கு எப்படிப் புரியவைப்பது என்று போய்விட்டீர்கள்.

நான் சொல்கிறேன். அம்மா சொல்லியிருந்தால் அண்ணன் உடனே “பார்த்தாயா, ஊசி போட்டும் வந்துவிட்டது” என்று எழுதியிருப்பார். “பூஸ்டர் வேண்டாம் என்று அம்மா மனதைக் கலைத்தது யார்?” என்று நீங்கள் பாய்ந்திருப்பீர்கள். காய்ச்சல் தானாக இறங்கினால் உங்களுக்கு ஜெயம், முற்றினால் அவருக்கு ஜெயம். உங்கள் இருவருக்கும் நடுவில் அம்மாவின் உடம்பு சாட்சிக் கூண்டில் நிற்கிறது. ஒரு பிள்ளைக்குச் சாட்சி சொன்னால் இன்னொரு பிள்ளை தோற்கும் என்று தெரிந்த தாய் வாயைத் திறக்க மாட்டாள். அவர் உங்களிடம் காய்ச்சலை மறைக்கவில்லை சகோதரி, உங்கள் சண்டைக்குத் தீனி போட மறுத்திருக்கிறார். அந்த வீட்டில் பொறுப்போடு நடந்துகொண்டது அவர் ஒருவர்தான். அந்தப் பொறுப்பே அவர் உயிருக்கு ஆபத்தாகியிருக்கும்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். கொரோனா முற்றாமல் தடுக்க ஊசியைத் தவிர மருந்தும் இருக்கிறது. ஆனால் பாக்ஸ்லோவிட் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை அறிகுறி தெரிந்த 5 நாளுக்குள் ஆரம்பித்தாக வேண்டும். அதுவும் மற்ற பல மாத்திரைகளோடு, கொழுப்புக்குப் போடும் சில மாத்திரைகள் உட்பட, ஒத்துப்போகாது. அதனால் அம்மா தினமும் எதையெல்லாம் விழுங்குகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் மருத்துவர் அதைத் தர முடியும். ஐந்தில் நாலு நாளை உங்கள் அம்மா வாய்மூடியே கழித்திருக்கிறார். வந்தது கொரோனாதானா, வேறு சளிக்காய்ச்சலா? பரிசோதனை செய்தாரா? கடைசி ஊசி எந்த வருடம் போட்டார், மொத்தம் எத்தனை டோஸ்? உங்கள் கடிதத்தில் 95 சதவீதம் இருக்கிறது, இவற்றில் ஒன்றுகூட இல்லை.

சரி, கேட்ட கேள்விக்கும் பதில் சொல்கிறேன். அண்ணனுக்கு ஃபார்வர்ட் செய்வதற்காக அல்ல, நீங்கள் தெரிந்துகொள்வதற்காக.

அந்த 95 பொய் இல்லை. 2020இல் ஃபைசர் ஆய்வில் ஏறக்குறைய 43,000 பேர் இருந்தார்கள். அறிகுறியோடு நோய் வந்தவர்கள் ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி ஊசி போட்ட பாதியில் 162 பேர், உண்மை ஊசி போட்ட பாதியில் 8 பேர். 95 சதவீதம் அங்கிருந்து வந்த எண். ஆனால் அது சில மாதங்கள் மட்டும் கவனித்த கணக்கு, அன்றைக்குச் சுற்றிய வைரஸை வைத்துப் போட்ட கணக்கு, காய்ச்சல் இருமல் வருவதைப் பற்றிய கணக்கு. தீவிர நோய் என்று பார்த்தால் அந்த ஆய்வு முழுவதிலும் 10 பேர்தான்: 9 பேர் போலி ஊசிப் பக்கம், ஒருவர் உண்மை ஊசிப் பக்கம். பத்துப் பேரை வைத்து உலகத்துக்கே உறுதி சொல்ல முடியாது என்று அண்ணன் அன்றைக்குக் கேட்டிருந்தால், அவர் கேட்டதில் நியாயம் இருந்திருக்கும்.

பிறகு உலகமே பெரிய ஆய்வுக்கூடமாகிவிட்டது. 2021 நவம்பரில் ஒமிக்ரான் வந்தது. ஊசி போட்டவர்களுக்கும் தொற்று சர்வசாதாரணமாக வந்தது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் சில மாதங்களில் குறைகிறது, வைரஸும் உருமாறி அதன் கண்ணில் மண்ணைத் தூவுகிறது. ஆனால் தொற்றிய செல்களைத் தேடி அழிக்கும் டி செல்களும், முன்பு பார்த்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் பி செல்களும் அவ்வளவு சீக்கிரம் ஏமாறுவதில்லை. அதனால்தான் தொற்றைத் தடுக்கும் திறன் சரிந்த பிறகும் ஐசியு வரை போகாமல் தடுக்கும் திறன் கூடுதல் காலம் நின்றது. ஹாங்காங்கைப் பாருங்கள். அங்கே முதியோர் பலர் ஊசி போடாமலே இருந்தார்கள். 2022 தொடக்கத்து ஒமிக்ரான் அலையில் இறந்த 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் ஒரு டோஸ்கூடப் போடாதவர்கள். ஏற்கெனவே மிகவும் தளர்ந்திருந்தவர்கள்தான் ஊசியைத் தவிர்த்தார்கள், அதனால் கணக்கு கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது என்று வாதிடலாம். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. கொஞ்சம்தான்.

‘ஆஸ்பத்திரியில் பாதிக்கு மேல் ஊசி போட்டவர்கள்’ என்பது பல நாடுகளில், பல மாதங்களில் உண்மையாகவே இருந்தது. அதைப் பொய் என்று மறுத்து நீங்கள் வீணாகத் தோற்காதீர்கள். ஓர் ஊரில் ஆயிரம் முதியவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போடாதவர்களில் நூற்றுக்குப் பத்து பேர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், போட்டவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர். வார்டில் எண்ணினால் போட்டவர்கள் 18, போடாதவர்கள் 10. வாசலில் நின்று தலையை எண்ணுகிறவருக்கு ஊசி தோற்றதாகத் தெரியும். ஆனால் ஊசி ஆபத்தை ஐந்தில் ஒரு பங்காக்கியிருக்கிறது. வீட்டிலிருந்து கிளம்பாத 882 பேரை யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை.

இப்போது உங்கள் முறை. ‘முற்றவே முற்றாது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை யார் சொன்னார்கள்? அண்ணன் சொல்வதைவிட இது கூடுதல் ஆபத்தான பேச்சு. தீவிர நோய்க்கு எதிரான பாதுகாப்பும் காலப்போக்கில் குறைகிறது. வயதானவர்களுக்கும் சுகர் போன்ற நோய் இருப்பவர்களுக்கும் தொடக்கத்திலிருந்தே ஆபத்து கூடுதல். ஊசி போட்டும் முதியவர்கள் இறந்திருக்கிறார்கள். இன்று ஏறக்குறைய எல்லோர் உடம்பிலும் பழைய ஊசியோ பழைய தொற்றோ இரண்டுமோ விட்டுச்சென்ற எதிர்ப்பு கொஞ்சம் இருப்பதால், புதிதாகப் போடும் டோஸ் அதற்கு மேல் எவ்வளவு கூட்டித் தருகிறது என்றுதான் ஆய்வுகள் அளக்கின்றன. அந்த எண் 95க்குப் பக்கத்தில்கூட வராது. நீங்கள் அம்மாவிடம் “ஒன்றும் ஆகாது” என்று சொல்லிச் சொல்லித்தான் அவர் நாலு நாள் காய்ச்சலைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டாரோ என்றும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

விஞ்ஞானிகளுக்குள்ளும் இதில் சண்டை உண்டு. ஊசி போட ஆரம்பித்த முதல் ஒரு வருடத்திலேயே உலகில் குறைந்தது 1 கோடியே 44 லட்சம் உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று லண்டன் இம்பீரியல் கல்லூரி 2022இல் கணக்குச் சொன்னது. ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு 2024 வரைக்கும் சேர்த்தே சுமார் 25 லட்சம்தான் என்று 2025இல் எழுதியது. அனுமானங்கள் வேறு வேறு, அதனால் இவ்வளவு இடைவெளி. அண்ணன் இரண்டாவதைத் தூக்கிப் பிடிப்பார். பிடிக்கட்டும். அந்தச் சிறிய கணக்கே, காப்பாற்றப்பட்டவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள் என்கிறது. இரண்டில் எதை எடுத்தாலும் உங்கள் அம்மாவுக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்.

அண்ணன் பையனை இதில் இழுக்காதீர்கள். ஆரோக்கியமான சிறுவர்களை உலக சுகாதார நிறுவனமே 2023இல் முன்னுரிமை குறைந்த பிரிவில் வைத்துவிட்டது. ஃபைசர் போன்ற எம்ஆர்என்ஏ வகை ஊசிக்குப் பிறகு இளைஞர்களுக்கு அபூர்வமாக இதயத்தசை அழற்சி வந்ததும் உண்மை. அந்தப் பையனுக்கு எது சரி என்பதும் 74 வயது அம்மாவுக்கு எது சரி என்பதும் ஒரே கேள்வி அல்ல. நீங்கள் இருவரும் அதை ஒன்றாக்கித்தான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறீர்கள். அம்மாவின் வயதில் இருப்பவர்களுக்குக் கடைசி டோஸிலிருந்து 6 மாதமோ 12 மாதமோ கழித்து இன்னொன்று என்று அதே நிறுவனம் அதே வருடம் சொன்னது. உங்கள் அம்மாவுக்கு இப்போது தேவையா என்று அவரை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்லட்டும். நீங்களும் சொல்ல வேண்டாம், அண்ணனும் சொல்ல வேண்டாம்.

பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது என்றால் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பிழைப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்க முடியும். ஆனால் தும்மினால்கூட முதலில் பிள்ளைக்குச் சொல்லலாம் என்ற தைரியத்தை அவர்களுக்குக் கொடுக்காத பிள்ளை என்ன படித்து, எதை நிரூபித்து என்ன? இதில் நான் பழைய ஆள்தான். அண்ணன் செய்த தப்பில் பாதி உங்களுடையது. கடிதம் எழுதியது நீங்கள் என்பதால் முழுத் திட்டும் உங்களுக்கு.

அம்மாவிடம் போனில் கேட்காதீர்கள், நேரில் போங்கள். “ஏன் சொல்லவில்லை?” என்று ஆரம்பித்தால் அவர் சமாளித்துவிடுவார். “நாங்கள் சண்டை போடுவோம் என்றுதானே சொல்லவில்லை?” என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அப்புறம் அவர் பேசுவார், அப்போது குறுக்கே பேசாதீர்கள். மாத்திரைகளை எல்லாம் வெளியே எடுத்து வைத்துப் பெயரையும் அளவையும் எழுதுங்கள். ஊசிச் சான்றிதழைத் தேடி எடுங்கள். ஆக்சிமீட்டர் இல்லையென்றால் ஒன்று வாங்கி வைத்து, விரலில் மாட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். 94க்குக் கீழே காட்டினால் உடனே மருத்துவர். மூச்சு வாங்கினால் எந்த எண்ணுக்காகவும் காத்திருக்கக் கூடாது. திரும்புவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு உங்கள் நம்பரையும் அண்ணன் நம்பரையும் கொடுங்கள். அம்மா மறைத்தாலும் அவர் மறைக்க மாட்டார் என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான்.

அண்ணனிடம் ஒரே ஒரு விஷயம் பேசுங்கள்: அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் முதல் நாளே பரிசோதனை, மருத்துவர்; அது ஊசியால் வந்ததா, ஊசி இருந்தும் வந்ததா என்ற பேச்சை இருவருமே எடுக்கக் கூடாது. ஊசியை நம்பாத மனிதரும் பெற்ற தாயைச் சீக்கிரம் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதை மறுக்க மாட்டார். மறுத்தால் எனக்கு எழுதுங்கள், அவருக்குத் தனியாக ஒரு பதில் வைத்திருக்கிறேன்.

குழுவிலிருந்து விலக வேண்டாம். விலகினால் அதற்கும் தான்தான் காரணம் என்று அம்மா எடுத்துக்கொள்வார். அண்ணன் வீடியோ போட்டால் போடட்டும், திறக்காதீர்கள், பதில் எழுதாதீர்கள். ரொம்பக் கை அரித்தால் எழுத வேண்டியதை எழுதி எனக்கு அனுப்பிவிடுங்கள், நான் படித்துக்கொள்கிறேன்.