சுவானியின் பன்னிரண்டு வெற்றிகள் – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் ஆரம்ப காலம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். டென்னஸி மாநிலத்து சுவானி அணி 1899-இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, அதிலும் ஐந்து ஆட்டங்களை ஆறே நாளில் ஆடி ஜெயித்தது என்று வியந்திருந்தீர்கள். எனக்கு அவ்வளவு வியப்பு வரவில்லை. 1901-இல் மிச்சிகன் அணி 550 புள்ளி எடுத்து, எதிரணிகளுக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. அதை விட்டுவிட்டு ஒரு சின்ன மலைக் கல்லூரியை ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்? எதிரே வந்தவர்களும் கற்றுக்குட்டிகள்தானே? ஆறு நாளில் ஐந்து ஆட்டம் என்பதே விளம்பரத்துக்குச் செய்தது போலத் தெரிகிறது. அந்தப் பையன்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதையும் நீங்கள் சொல்லவில்லை.

ச., திருச்சி

அன்புள்ள ச.,

மிச்சிகன் கணக்கு சரிதான். 1902 புத்தாண்டு அன்று பாசடேனாவில் ஸ்டான்ஃபோர்டை அவர்கள் 49-0 என்று அடித்தார்கள். ஆட்டம் முடிய எட்டு நிமிடம் இருக்கும்போதே ஸ்டான்ஃபோர்ட் போதும் என்று சொல்லிவிட்டது. பலத்தை மட்டும் பார்த்தால் மிச்சிகன்தான் பெரிய அணி. நான் சுவானியை எடுத்துக்கொண்டது வேறு காரணத்துக்காக.

அன்றைய ஆட்டத்தின் விதிகளைக் கொஞ்சம் பாருங்கள். இது நம் ஊரில் காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. மூன்று முயற்சியில் ஐந்து கெஜம் முன்னேற வேண்டும். பந்தை முன்னால் எறிய அனுமதி 1906-இல்தான் வந்தது. அதனால் வழி ஒன்றே ஒன்று: பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, மற்றவர்கள் அவனை முட்டித் தள்ளிக்கொண்டு எதிரணி மேல் போய் விழுவது. தலைக்கவசம் கட்டாயமில்லை. பலர் அதற்கு ஈடாகத் தலைமுடியை நீளமாக வளர்த்துக்கொண்டார்கள். மாற்று ஆட்டக்காரர் விஷயம் இன்னும் கடுமை. கபடியில் அவுட்டானவன்கூட மறுபடி உள்ளே வருவான். இங்கே வெளியே போனவன் அன்றைக்குத் திரும்பி வரவே முடியாது. ஆகவே அடிபட்டவனும் முடிந்த வரைக்கும் களத்திலேயே நிற்பான். தாக்குவதும் தடுப்பதும் அதே பதினொரு பேர்தான்.

இப்படிப்பட்ட ஆட்டத்தைத்தான் அவர்கள் ஆறு நாளில் ஐந்து முறை ஆடினார்கள். நவம்பர் 9 வியாழக்கிழமை ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை 12-0. இரவோடு இரவாக ரயில். மறுநாள் ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை 10-0. மறுபடி ராத்திரி ரயில். சனிக்கிழமை நியூ ஆர்லியன்ஸில் டுலேனை 23-0. ஞாயிறு ஓய்வு. திங்கட்கிழமை பேட்டன் ரூஜில் லூசியானா ஸ்டேட்டை 34-0. செவ்வாய்க்கிழமை மெம்ஃபிஸில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தை 12-0. மொத்தம் சுமார் 2,500 மைல் ரயில் பயணம். ஐந்து ஊரிலும் எதிரணி தன் வீட்டில் தூங்கி எழுந்தோ, பக்கத்திலிருந்து வந்தோ இறங்கியது. இவர்கள் ரயில் பெட்டியிலிருந்து இறங்கி வந்தார்கள்.

போன இடத்துத் தண்ணீர் வயிற்றைக் கெடுத்துவிடும் என்ற பயத்தில் சுவானி மலைச் சுனைத் தண்ணீரை இரண்டு பீப்பாய்களில் கூடவே ஏற்றிக்கொண்டு போனார்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பையன்கள் மேல் ஒரு தனிப் பிரியமே வந்துவிட்டது. காயத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது, களைப்புக்கும் ஒன்றும் செய்ய முடியாது, தண்ணீரையாவது பார்த்துக்கொள்வோம் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

விளம்பரம் என்கிறீர்கள். எனக்கு அது பணக் கணக்கு என்று படுகிறது. சுவானிக்கு நல்ல டிக்கெட் வசூல் தரும் ஆட்டம் பக்கத்து நாஷ்வில்லின் வாண்டர்பில்ட்டோடு ஆடுவதுதான். வசூலைப் பங்கு போடுவதில் தகராறாகி அந்த வருடம் ஆட்டமே இல்லாமல் போனது. அந்தப் பள்ளத்தை நிரப்ப அணியின் மேலாளர் லூக் லீ தெற்கே கடிதம் எழுதி, கிடைத்த இடத்திலெல்லாம் ஆட்டம் பேசி வைத்தார். அவரும் அங்கே மாணவர்தான். ஒரே பயணச் செலவில் ஐந்து ஊர் வசூல். ஆட்டங்கள் நெருக்கி வைக்கப்பட்டது அதனால்தான். அவருடைய சாமர்த்தியத்தை மறுக்க மாட்டேன். ஆனால் கட்டுரையில் நான் வியந்தது அந்த அட்டவணையை அல்ல, அதைத் தாங்கிய உடம்புகளை. ஆஸ்டினில் கேப்டன் ஹென்றி சைபெல்ஸின் தலை பிளந்து ரத்தம் கொட்டியது. கட்டுப் போட்டுக்கொண்டு தொடர்ந்து ஆடினார். இன்றைக்கு ஒரு பயிற்சியாளர் இப்படி ஒரு வாரத்தை மாணவர்களுக்கு ஏற்பாடு செய்தால் அவரை வேலையை விட்டே அனுப்ப வேண்டும் என்றுதான் நான் சொல்வேன்.

கற்றுக்குட்டிகள் என்ற வாதம் பாதி நியாயம். பன்னிரண்டு ஆட்டத்தில் 322 புள்ளி எடுத்தார்கள் என்றால் அதில் 71 கம்பர்லாந்திடம், 54 சவுத்வெஸ்டர்ன் பிரஸ்பிட்டேரியனிடம் வாங்கியவை. இவற்றைத் தள்ளிவிடலாம். டெக்சாஸைத் தள்ள முடியாது. அந்த ஆண்டு ஆறு ஆட்டம் வென்ற அணி அது. ஆபர்னைத் தள்ளவே முடியாது.

உண்மையில் அந்த சீசனின் பெரிய ஆட்டம் என்று எனக்குத் தோன்றுவது, எல்லோரும் பேசும் அந்த ஐந்தும் அல்ல, நவம்பர் 30 நன்றியறிதல் நாளில் மாண்ட்காமெரியில் ஆபர்னோடு ஆடியதுதான். ஆபர்னின் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஆண்டுக்கு ஒருவருக்குத் தரும் மிகப் பெரிய பரிசுக்கு இன்றும் அவர் பெயர்தான். ஒரு முயற்சி முடிந்ததும் மூச்சு விட நேரம் தராமல் அடுத்ததைத் தொடங்கும் வேகம் அவர் அணியுடையது. சுவானிக்கு எதிராக அந்த ஆண்டு புள்ளி எடுத்த ஒரே அணி அவர்கள்தான். முடிவு 11-10. அன்று எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தால் ஐந்து புள்ளி, அதற்குப் பிறகான உதை சரியாகப் போனால் ஒன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரு அணிக்கும் நடுவில் நின்றது ஒரே ஒரு உதை. நடுவர் தீர்ப்புகள் சரியில்லை என்று ஹைஸ்மன் பிறகு பத்திரிகையிலேயே புகார் எழுதினார். அந்த ஆண்டு ஆபர்ன் தோற்றது இந்த ஓர் ஆட்டம் மட்டும். இரண்டு நாள் கழித்து சுவானி பையன்கள் அட்லாண்டாவில் வட கரோலினாவை 5-0 என்று முடித்தார்கள். அதாவது கடைசி இரண்டு ஆட்டத்தையும் சேர்த்து மொத்தம் ஆறே புள்ளி வித்தியாசத்தில்தான் அந்தத் தோல்வியில்லாத சீசன் தப்பியிருக்கிறது. எனக்கு 322-ஐ விட இந்த ஆறு புள்ளி மேல் மரியாதை அதிகம்.

அப்புறம், அவர்கள் என்ன ஆனார்கள். லூக் லீ பத்திரிகை தொடங்கினார், 1911-இல் அமெரிக்க செனட்டர் ஆனார். முதல் உலகப் போர் முடிந்ததும், 1919 ஜனவரியில், ஹாலந்தில் அடைக்கலமாகியிருந்த ஜெர்மன் மன்னர் கெய்சர் வில்ஹெல்மைப் பிடித்துக்கொண்டு வரலாம் என்று சில சிப்பாய்களோடு காரில் கிளம்பி அவர் தங்கியிருந்த மாளிகை வரை போய்த் திரும்பினார். பிற்பாடு வங்கி மோசடி வழக்கில் சிறையும் போனார். சைபெல்ஸ் கல்லூரிக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். ஃபுல்பேக்காக, அதாவது பின்வரிசையிலிருந்து பந்தோடு முட்டி ஓடுபவராக, ஆடிய ஆர்மண்ட் சிம்கின்ஸின் கதைதான் மனசை அறுக்கிறது. ஆட்டத்தில் பட்ட காயங்கள் கால்களை விடவில்லை. கடைசியில் இரண்டையும் எடுக்க வேண்டியதாயிற்று. புகழ்ந்து எழுதுபவர்கள் பலர் இவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நானும் கட்டுரையில் இடம் போதாமல் விட்டிருந்தேன். நீங்கள் கேட்டதால் இங்கே சொல்ல முடிந்தது.

ஆட்டத்தில் மாணவர்கள் செத்து விழுவது பெருகி, 1905-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேச வேண்டிவந்தது. நான் மேலே சொன்ன முன்-எறிதல் அனுமதி அதன் தொடர்ச்சியாக வந்ததுதான்.

கல்லூரி? அது அதே மலையில் இருக்கிறது. 1932-இல் தென்கிழக்கு மாநாடு என்ற பெரிய அணிகளின் கூட்டமைப்பு தொடங்கியபோது சுவானியும் அதில் ஒன்று. அந்தக் கூட்டமைப்புக்குள் ஒரு ஆட்டத்தைக்கூட ஜெயிக்காமலேயே 1940-இல் வெளியேறியது. விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுத்து ஆள் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்து, இப்போது மூன்றாம் பிரிவில் ஆடுகிறது.

அன்புடன்.