பாஸ்டன் மாரத்தான்: பாதையை முன்கூட்டிப் பார்ப்பது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, போட்டி திங்கட்கிழமை. நான் வியாழனே பாஸ்டன் போய்விடுகிறேன். பாதை முழுவதும் பார்த்துவிடட்டுமா?

முழுவதும் வேண்டாம், கால் களைத்துவிடும். வெள்ளிக்கிழமை காலை பச்சை லைன் ரயிலில் உட்லண்ட் ஸ்டேஷனில் இறங்குங்கள். கொஞ்ச தூரத்தில் தீயணைப்பு நிலையம் வரும். பாதை அங்கே வலது பக்கம் காமன்வெல்த் அவென்யூவுக்குத் திரும்பும். அங்கிருந்து பாஸ்டன் காலேஜ் வரை நிதானமாக ஓடுங்கள், ஆறு கிலோமீட்டர் போல இருக்கும். நியூட்டன் ஊரில் பாதையில் வரும் நான்கு மேடுகளில் மூன்று இதற்குள் வந்துவிடும். பெரிய ரோட்டில் வண்டிகள் ஓடும். பக்கத்திலேயே ஒரு சிறு சாலை கூடவே வருகிறது, ஊர்க்காரர்கள் பயிற்சி எடுப்பது அதில்தான். திரும்பி வர காலேஜ் வாசலிலேயே ரயில் இருக்கிறது.

கேள்வி: அந்த நான்கில் கடைசி மேடான ஹார்ட்பிரேக் ஹில் அவ்வளவு செங்குத்தா?

இல்லை. சுமார் 600 மீட்டர் தூரத்தில் 27 மீட்டர் ஏற்றம், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ஓடிப் பார்த்தால் 'இதற்கா இவ்வளவு பேச்சு' என்று தோன்றும். அங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். போட்டியன்று அது 32 கிலோமீட்டர் தாண்டி வருகிறது. அதற்குள் தொடை செத்திருக்கும். காரணம் மேடு இல்லை, ஆரம்பத்தில் வரும் இறக்கம். போட்டி தொடங்கும் ஹாப்கிண்டனில் முதல் மைலிலேயே 40 மீட்டர் போல இறங்கிவிடுவீர்கள். உடம்பு புதிதாக இருக்கும், கூட்டமும் தள்ளும், வேகம் தானாக ஏறும். என்னைக் கேட்டால் மேட்டைவிட இந்த இறக்கத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். யாராவது காரில் கூட்டிப்போனால் அந்த முதல் ஆறு கிலோமீட்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் சென்னை. முன்னதாகப் போக லீவு கிடைக்காது. இங்கே என்ன செய்ய?

மேம்பாலம் ஏறி இறங்குவது மட்டும் போதாது, இறக்கம் ரொம்பக் குட்டை. மாதம் ஒருமுறை ஏலகிரி போங்கள். 14 ஊசி வளைவுகளையும் விடியற்காலையில், வண்டி நடமாட்டம் குறைவாக இருக்கும்போது, சின்ன எட்டு வைத்து மெதுவாக இறங்கிப் பழகுங்கள். முதல் தடவை இரண்டு நாள் தொடை வலிக்கும். போகப் போக வலி குறையும், அதுதான் நமக்கு வேண்டும். கடைசி மூன்று வாரம் இது வேண்டாம்.

கேள்வி: காற்றையும் பார்க்க வேண்டுமா சார்?

கட்டாயம். பாதை மேற்கிலிருந்து கிழக்காகவே போகிறது, திரும்பி வருவதே இல்லை. எதிர்க்காற்று என்றால் கடைசி வரை எதிர்க்காற்றுதான். 2018இல் மழையோடு அப்படித்தான் அடித்தது. ஆண்களில் ஜெயித்த யூகி கவாவுச்சிக்கே 2 மணி 15 நிமிடம் 58 விநாடி ஆனது.

கேள்வி: முதல் நாள் ஞாயிறு சும்மா இருக்கலாமா?

இருங்கள். நடக்கத் தோன்றினால் ஹெர்ஃபோர்டு தெருவில் வலது, பாய்ல்ஸ்டன் தெருவில் இடது, பாதையின் அந்தக் கடைசி இரண்டு திருப்பங்களை மட்டும் பார்த்து வாருங்கள். பாய்ல்ஸ்டன் திரும்பியதும் முடிவுக்கோடு கண்ணில் படும். ஆனால் இன்னும் அரை கிலோமீட்டருக்கு மேல் பாக்கி. அந்த மூலையிலேயே பாய்ந்துவிடாதீர்கள், பாதி வழியில் ஒரு கடையை அடையாளம் வைத்துக்கொண்டு அங்கிருந்து வேகம் எடுங்கள்.