அசடாக நடித்தவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன வாரம் பழைய ரேடியோ நாடகங்களைப் பற்றி எழுதும்போது போகிற போக்கில் அமெரிக்க நகைச்சுவை நடிகை கிரேஸி ஆலன் பெயரைச் சொல்லி, கேட்டுப் பாருங்கள் என்று விட்டுவிட்டீர்கள். யூட்யூபில் நான்கைந்து நிகழ்ச்சிகள் கேட்டேன். சிரித்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முடித்தபோது ஒரு மாதிரி இருந்தது. கணவன் விவரமானவன், மனைவி அசடு, அவள் உளற உளறக் கூட்டம் சிரிக்கிறது. மனைவியை மட்டம் தட்டும் ஜோக்குகளைக் கேட்டாலே எழுந்து போகிற ஆள் நான். இதை மட்டும் எப்படி ரசிப்பது? அப்புறம், கடைசியில் கணவன் குட்நைட் சொல்லச் சொன்னால் அவரே "குட்நைட், கிரேஸி" என்பாராமே, அதுதான் உச்சம் என்று நண்பர் சொன்னார். நான் கேட்டவற்றில் அது வரவில்லை.

எம்.

அன்புள்ள எம்.,

நானும் முதலில் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றேன். பதிலுக்கு முன் ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொள்வோம். நடிகைக்கும் பாத்திரத்துக்கும் ஒரே பெயர் என்பதுதான் பாதிக் குழப்பம். நல்லவேளை, தமிழில் அவர், அவள் என்று இரண்டு வைத்திருக்கிறோம். நடிகை அவர். ரேடியோவில் உளறுகிறவள் அவள்.

அவர் சான் பிரான்சிஸ்கோக்காரர், ஐரிஷ் வம்சம், சின்ன வயதிலேயே மேடை ஏறியவர். 1920களின் தொடக்கத்தில், ஊர் ஊராகப் போய் ஆட்டம், பாட்டு, ஜோக்கு என்று கதம்பமாக நடத்தும் வாட்வில் மேடைகளில் ஜார்ஜ் பர்ன்ஸோடு ஜோடி சேர்ந்தார். ஜோக்கெல்லாம் ஜார்ஜுக்கு, அதற்கு எடுத்துக் கொடுக்கும் கேள்விகள் கிரேஸிக்கு என்றுதான் முதலில் பிரித்துக்கொண்டார்கள். நடந்தது வேறு. ஜார்ஜின் ஜோக்குக்குக் கூட்டம் சும்மா இருந்தது, கிரேஸி வெறுமனே கேட்ட கேள்விகளுக்குச் சிரித்தது. இதை ஜார்ஜே பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறார். மனிதர் ரோஷப்படாமல் வசனங்களை அப்படியே மாற்றிக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் பக்கத்தில் சுருட்டோடு நின்று "அப்படியா, அப்புறம்?" என்று கேட்பதையே தொழிலாக்கிக்கொண்டார். 1926ல் கல்யாணம். நீங்கள் சொல்லும் விவரமான கணவனுடைய லட்சணம் இதுதான்.

இப்போது அவளுக்கு வருவோம். அவள் முட்டாள் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வார்த்தை என்ன சொல்கிறதோ அதை அப்படியே எடுத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். 1940ல் அவள் அமெரிக்க அதிபர் தேர்தலில் நிற்பதாக விளையாட்டாக அறிவித்தார்கள். கட்சியின் பெயர் சர்ப்ரைஸ் பார்ட்டி, சின்னம் கங்காரு. அதன் வயிற்றுப் பையை வைத்து, வெற்றி ஏற்கெனவே பைக்குள் இருக்கிறது என்று ஒரு கோஷம். ஆங்கிலத்தில் பைக்குள் இருக்கிறது என்றால் உறுதியாகிவிட்டது என்று அர்த்தம். ரயிலேறி வழியெல்லாம் பிரச்சாரம் செய்துகொண்டே போய் ஓமஹா நகரத்தில் மாநாடே நடத்தினார்கள். ரஷ்யாவை அங்கீகரிப்பீர்களா என்று கேட்டார்கள். அங்கீகரிப்பதற்கும் ஆளை அடையாளம் கண்டுகொள்வதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். தினம் எத்தனையோ பேரைப் பார்க்கிறேன், எப்படிச் சொல்வது என்றாள். நாட்டின் கடனைப் பற்றிக் கேட்டால், உலகத்திலேயே பெரியதாயிற்றே, பெருமைப்பட வேண்டாமா என்றாள். இதில் யார் முட்டாளாகிறார்கள், சொல்லுங்கள். அவளா, கேள்வி கேட்டவர்களா?

1933ல் நடந்தது இன்னும் வேடிக்கை. காணாமல் போன அண்ணனைத் தேடுகிறேன் என்று, சம்பந்தமே இல்லாத மற்ற ரேடியோ நிகழ்ச்சிகளுக்குள் புகுந்து விசாரிக்க ஆரம்பித்தாள். நாடு முழுக்க அதே பேச்சு. நிஜ அண்ணன், பாவம், சான் பிரான்சிஸ்கோவில் கணக்கராக இருந்தவர். தொல்லை தாங்காமல் கொஞ்ச நாள் தலைமறைவாகவே போய்விட்டார்.

சினிமாவுக்கு அவரை என்ன செய்வதென்று தெரியவில்லை என்றுதான் சொல்வேன். 30களில் பாராமவுண்ட் படங்களில் நடுவே வந்து ஐந்து நிமிடம் பேசிவிட்டுப் போகவிட்டார்கள். 1939ல் ஒரு துப்பறியும் படத்துக்கு அவர் பெயரையே தலைப்பில் வைத்தார்கள். அதில் ஃபைலோ வான்ஸ் என்ற துப்பறிவாளரை "ஃபைடோ" என்று, நாய்க்கு வைக்கும் பெயரால், கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். ஜார்ஜ் இல்லாத படம், அந்தக் குறை தெரியும். விதிவிலக்கு 1937ல் வந்த 'எ டாம்செல் இன் டிஸ்ட்ரெஸ்'. நடனத்துக்குப் பேர்போன ஃப்ரெட் அஸ்டேரோடு இவர்கள் இருவரும் ஆளுக்கொரு துணி தூசி தட்டும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ஆடுவார்கள். அஸ்டேருக்கு ஒரு படி குறையாமல் கிரேஸி ஆடுவதைப் பாருங்கள். அப்போதுதான் அசட்டு முகத்துக்குப் பின்னால் எவ்வளவு பயிற்சி இருக்கிறது என்று தெரியும்.

ரேடியோவிலும் எல்லாம் சுகமாகப் போகவில்லை. நிஜத்தில் கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருந்த இருவரும் ரேடியோவில் காதலன் காதலியாகவே பத்து வருடம் ஓட்டினார்கள். 40களின் தொடக்கத்தில் கேட்பவர்கள் குறைந்தார்கள். ஒருநாள் ஜார்ஜுக்கு உறைத்தது, நமக்கு வயதாகிவிட்டது, ஜோக்குக்கு ஆகவில்லை என்று. 1942 வாக்கில் நிஜத்தைப் போலவே கணவன் மனைவியாக்கினார், நிகழ்ச்சி மறுபடி எழுந்தது. நீங்கள் கேட்டவை அதற்குப் பிந்தியவையாக இருக்க வேண்டும்.

1950ல் தொலைக்காட்சிக்குப் போனார்கள். முதல் இரண்டு வருடம் நேரடி ஒளிபரப்பு. அவள் வசனத்தை மனப்பாடம் செய்வதை யோசித்துப் பாருங்கள். சாதாரண வசனமென்றால் முன்னே ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம். இங்கே கேள்விக்கும் பதிலுக்கும் தொடர்பே கிடையாது. பிடிமானமில்லாமல் பக்கம் பக்கமாக நெட்டுருப் போட வேண்டும், அதையும் இப்போதுதான் தோன்றியதுபோலச் சொல்ல வேண்டும். ஒற்றைத் தலைவலி வேறு அவரைப் படுத்திக்கொண்டிருந்தது. 1958ல் போதும் என்று நிறுத்திவிட்டார். ஜார்ஜ் தனியாக ஒரு நிகழ்ச்சி நடத்திப் பார்த்தார், ஒரு வருடத்தில் மூடிவிட்டார்கள்.

எங்கே ஆரம்பிப்பது என்றால், 1929ல் எடுத்த 'லாம்ப் சாப்ஸ்' குறும்படம் கிடைக்கிறது, பத்து நிமிடம்கூட ஓடாது. இருவரும் ஓர் அறைக்குள் வந்து எதையோ தேடுவார்கள். கிரேஸி அங்கேயும் இங்கேயும் குனிந்து துழாவிக்கொண்டிருப்பார். என்ன தேடுகிறாய் என்றால், பார்வையாளர்களை! ஜார்ஜ் கேமராவைக் காட்டுவார்.

உங்கள் நண்பர் சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு வசனமே கிடையாது. "குட்நைட் சொல்லு, கிரேஸி" என்பார் ஜார்ஜ். "குட்நைட்" என்பாள், அவ்வளவுதான். "குட்நைட், கிரேஸி" என்று திருப்பிச் சொல்வது பிற்பாடு ஜனங்கள் சேர்த்துக்கொண்டது. அந்த யோசனை தனக்கு வரவில்லையே என்று ஜார்ஜே பின்னால் சொல்லியிருக்கிறார். எனக்கென்னவோ வராததே நல்லது. அப்படிச் சொன்னால் அது ஜோக்கு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதாக ஆகிவிடும்.