மணிக்கு எத்தனை டாலர் என்பது பாதிக் கணக்குத்தான்

அரிசோனாவில் சில்லுத் தொழிற்சாலைப் பொறியாளர் வேலைக்கு இரண்டு அழைப்புகள் வந்திருப்பதாகவும், தன் ஆட்களைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் ஒப்பந்த நிறுவனம் மணிக்கு 52 டாலரும் தொழிற்சாலை நேரடியாக 44 டாலரும் தருவதாகவும் எழுதியிருந்தீர்கள், தம்பி. எதை ஏற்பது, வீடு எங்கே பார்ப்பது, அந்த வெயிலைத் தாங்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வீட்டையும் வெயிலையும் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். சம்பளத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

1998இன் கடைசியில் கலிபோர்னியாவின் சான் ஹோசேவுக்கு, வெளிநாட்டு நிபுணர்களுக்கான எச்1பி வேலை விசாவில் வந்த நான், மணிக்கணக்கில் கூடுதலாகத் தந்த ஒப்பந்த நிறுவனத்தையே தேர்ந்தெடுத்தேன். அடுத்த ஆண்டு டிசம்பர் கடைசி வாரம் தொழிற்சாலையை மூடினார்கள். என்னோடு தூசி புகாத ஒரே கிளீன் ரூமில் நின்று, சில்லுகள் உருவாகும் அதே சிலிக்கான் தகடுகளை (வேஃபர்களை) சோதித்த நேரடி ஊழியர்களுக்கு அந்த நாட்களுக்கும் சம்பளம் வந்தது. என் சம்பளச் சீட்டில் இரண்டு வாரத்துக்கு 32 மணி நேரம் என்றிருந்தது. வேலை இல்லையென்று நிறுவனமே உட்காரவைக்கும் நாட்களுக்கும் எச்1பி ஊழியருக்குச் சம்பளம் தந்தாக வேண்டும் என்பது சட்டம். அது தெரியாமல், கேட்கவே அஞ்சி இருந்துவிட்டேன்.

அமெரிக்கத் தனியார் துறையில் ஓர் ஊழியருக்காக முதலாளி செலவிடுவதில் ஏறக்குறைய 70 விழுக்காடுதான் ஊதியம். மீதி மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பங்கு, சம்பளத்துடன் கூடிய விடுப்பு, சமூகப் பாதுகாப்பு வரி ஆகியவை. வரிப் பங்கை ஒப்பந்த நிறுவனமும் கட்டித்தான் ஆக வேண்டும். மற்ற மூன்றில்தான் உங்கள் 8 டாலர் கரைந்துபோகும். குடும்பத்துக்கான காப்பீட்டுத் தொகையில் யார் எவ்வளவு கட்டுகிறார்கள், 401(கே) என்னும் ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் நிறுவனம் போடும் பணம் எத்தனை ஆண்டில் முழுதாக உங்களுடையதாகும் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். மிகைநேரத்தையும் கேளுங்கள். கலிபோர்னியாவில் பொதுவாக ஒரு நாளில் 8 மணி நேரத்தைத் தாண்டினாலே ஒன்றரை மடங்கு உண்டு. அரிசோனாவில் கூட்டாட்சிச் சட்டப்படி வாரம் 40 மணி நேரத்தைத் தாண்டினால்தான். 12 மணி நேர ஷிப்டு என்றால் இந்த வேறுபாடு பெரிது.

இத்துறையில் சராசரி ஊதியம் ஏறிக்கொண்டே இருக்கிறது என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் கணினி, மின்னணுப் பொருள் உற்பத்தியில் 2001 தொடக்கத்தில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர்; 2010இல் ஏறக்குறைய 11 லட்சம் பேர்தான். குறைந்த கூலிக்குப் பாகங்களைப் பொருத்தியவர்களின் வேலைகள் பெருமளவில் கடல் கடந்துபோய்ப் பொறியாளர்களின் பங்கு கூடினால், எவருக்கும் ஒரு டாலர் உயராமலே சராசரி உயரும். எங்கள் வரிசையில் பலகைகளில் பற்றுவைத்த வியட்நாமியப் பெண்கள் ஒரே வெள்ளிக்கிழமையில் அடையாள அட்டைகளை மேசையில் வைத்துவிட்டுப் போனதைப் பார்த்தவன் நான். டாலரை ரூபாயால் பெருக்கிச் சொல்லும் நண்பர்களின் கணக்கில் அவர்கள் வருவதே இல்லை.

மூன்று வாரம் கழித்து என் முறை வந்தது. வேலை போன எச்1பி ஊழியர் நாட்டில் தங்கி வேறு வேலை தேட இப்போதுள்ள 60 நாள் வரையிலான அவகாசம் 2017இல்தான் வந்தது. அன்று அதுவும் கிடையாது. இன்னொரு தொழிற்சாலை எனக்காக மனுச் செய்தது. அங்கே நேரடி ஊழியனாக, மணிக்கு 6 டாலர் குறைவாகச் சேர்ந்தேன். என் மகள் பிறந்தபோது மருத்துவமனைச் செலவில் பெரும்பகுதியை அந்த வேலையின் காப்பீடுதான் ஏற்றது. நீங்கள் 44 டாலரையே எடுத்துக்கொள்ளுங்கள்.