அப்பாவின் அறையை மாற்ற வேண்டியதில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 86 வயது. நியூஜெர்சியில், அன்றாட வேலைகளுக்கு உதவி தரும் ஓர் அசிஸ்டட் லிவிங் முதியோர் இல்லத்தில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறார். இதயம் மிகவும் பலவீனமாகிவிட்டது. இந்த ஆண்டில் மட்டும் நான்கு முறை மருத்துவமனைக்குப் போய்வந்தார். இனி ஹாஸ்பிஸ் பராமரிப்பே நல்லது என்கிறார் மருத்துவர். "அப்பாவைக் கைகழுவப் பார்க்கிறாயா?" என்று திருச்சியிலிருந்து அண்ணன் கேட்கிறார். அப்பாவை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருக்குமா? இல்லத்துக்குக் கட்டும் மாதத் தொகை குறையுமா?
- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அண்ணனின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஹாஸ்பிஸ் படிவத்தில் கையெழுத்திடும் நேரத்தில் உங்கள் கையைப் பிடித்து நிறுத்தப்போவது அதுதான். நோயைக் குணப்படுத்த வழியில்லாதபோது மூச்சுத்திணறலையும் வலியையும் பதற்றத்தையும் தணிப்பதையே முழுச் சிகிச்சையாக எடுத்துக்கொள்வதுதான் ஹாஸ்பிஸ். நோய் அதன் போக்கில் போனால் ஆயுள் ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ இருக்கும் என்று இரண்டு மருத்துவர்கள் சான்றளித்தால், முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இதற்கான செலவை ஏற்கிறது. ஆறு மாதம் கடந்தாலும், நிலைமை அப்படியே இருக்கிறது என்று மருத்துவர் மீண்டும் சான்றளிக்கும்வரை பராமரிப்பு தொடரும். முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2023 பிப்ரவரியில் ஹாஸ்பிஸை ஏற்றுக்கொண்டு, நூறாவது பிறந்தநாளையும் கடந்து, 2024 டிசம்பர் இறுதிவரை வாழ்ந்தார். எல்லாருக்கும் அப்படி அமையாது. ஆனாலும் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். மனம் மாறினால் எந்த நாளிலும் எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்பாவை எங்கும் மாற்ற வேண்டியதில்லை. மெடிகேரின் கணக்கில் இல்லத்திலுள்ள அந்த அறைதான் அவருடைய வீடு. நர்ஸும், குளிப்பாட்டும் உதவியாளரும், சமூகப் பணியாளரும் அங்கேயே வருவார்கள். மருத்துவக் கட்டிலும் ஆக்சிஜனும் இந்த நோய்க்கான மருந்துகளும் அங்கேயே வந்து சேரும். மாதத் தொகை மட்டும் ஒரு டாலர்கூடக் குறையாது, ஏனெனில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் அன்றாடக் கவனிப்புக்கும் மெடிகேர் பணம் தருவதில்லை. தேவை கூடக்கூட இல்லம் கட்டணத்தை உயர்த்தவும் கூடும். அதை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா இந்த நாட்டுக்குப் பிள்ளைகளோடு இருக்க வயதான பிறகு வந்தவர் என்றால், ஹாஸ்பிஸ் செலவை ஏற்கும் மெடிகேரின் 'ஏ' பகுதி அவருக்கு இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் அதிகம் பேச வேண்டும்: இரவு. ஹாஸ்பிஸ் நர்ஸ் இருபத்துநான்கு மணி நேரமும் தொலைபேசியில் கிடைப்பார். ஆனால் அறையிலேயே உட்கார்ந்திருக்க மாட்டார். நான் ஹாஸ்பிஸ் நர்ஸாக இருந்த காலத்தில், ஓர் இல்லத்தில் அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு பெரியவருக்கு மூச்சு முட்டியது. மூச்சுத்திணறலைத் தணிக்க அவருக்குத் தந்திருந்த மார்ஃபின் துளிகள் அறையின் சிறு ஃப்ரிட்ஜில், முத்திரை பிரிக்காத பெட்டியில், மூன்றடி தூரத்தில் இருந்தன. தேவைப்படும்போது தரும் மருந்தை எப்போது தருவது என்று முடிவெடுக்க அந்த இரவுப் பணியாளருக்கு அனுமதியில்லை. எங்களை அழைக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவுமில்லை. பயந்துபோய் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது கட்டில் காலியாகக் கிடந்தது. பெரியவர் அவசரப் பிரிவின் நடைபாதையில், ஸ்ட்ரெச்சரிலேயே இறந்துபோனார். அந்தப் பெண் மீது எனக்கு இன்றும் கோபமில்லை. முன்கூட்டியே உட்கார்ந்து பேசாத எங்கள் எல்லார் மீதும்தான் வருத்தம்.

நர்ஸ்களின் தொடர் கவனிப்பில் முதியோர் தங்கும் நர்சிங் ஹோம்களில் ஹாஸ்பிஸும் இல்லமும் எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அசிஸ்டட் லிவிங் இல்லங்களை அந்த விதி கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே அதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். இல்லத்தின் பொறுப்பாளரையும் ஹாஸ்பிஸ் நர்ஸையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, இரவில் மருந்தை எடுத்துக் கொடுப்பவர் யார், நர்ஸ் நேரில் வர எவ்வளவு நேரம் ஆகும், 911-க்கு முன் ஹாஸ்பிஸ் எண்ணைத்தான் அழைக்க வேண்டும் என்பது இரவுப் பணியாளர்கள் அத்தனை பேருக்கும் தெரியுமா, உயிர்காக்கும் சிகிச்சைகள் பற்றிய அப்பாவின் விருப்பங்களை எழுதி மருத்துவரும் கையெழுத்திட்ட போல்ஸ்ட் (POLST) படிவம் எங்கே வைக்கப்படும் என்றெல்லாம் கேட்டு, பதில்களை எழுதி வாங்குங்கள். இல்லம் சொல்லும் ஹாஸ்பிஸைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, தேர்வு அப்பாவுடையது. ஆனால் அதே இல்லத்தில் ஏற்கெனவே நோயாளிகளைக் கவனித்துவருகிற நிறுவனத்துக்கு அங்குள்ள பணியாளர்களைப் பெயர் சொல்லித் தெரியும் என்பதால், நானாக இருந்தால் அதற்கு முன்னுரிமை தருவேன்.

கடைசி வாரங்களில் அப்பா ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் மட்டுமே பேசக்கூடும். ஓர் அட்டையில் 'வலிக்குது', 'தண்ணி', 'மூச்சு முட்டுது', 'போதும்' என்ற சொற்களை ஆங்கில எழுத்தில் பொருளோடு எழுதி, கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவையுங்கள். உலர்ந்த வாயை ஈரப்படுத்த, நுனியில் ஸ்பாஞ்ச் வைத்த சிறு குச்சிகளை நர்ஸ் தருவார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அப்பாவுக்குப் பிடிக்குமென்றால் ஆறிய டிகாக்ஷன் காபியிலோ தெளிந்த ரசத்திலோ அதை லேசாகத் தோய்த்து உதட்டில் தடவிவிடுங்கள்.