சோற்றை விட்டால்தான் எடை குறையுமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உடல் எடையைப் பற்றியவை. எழுதியவர்களில் எவருக்கும் எதைச் சாப்பிட வேண்டும் என்பது தெரியாமல் இல்லை. தெரிந்ததை ஒரு மாதத்துக்கு மேல் கடைப்பிடிக்க முடியவில்லை என்பதே அவர்களுடைய குறை. ஆகவே உணவுப் பட்டியல் எதுவும் தராமல், அந்தக் குறையை முன்வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 42. பள்ளி ஆசிரியை. சென்ற ஆண்டு சோற்றை அறவே நிறுத்திவிட்டு இரண்டு வேளையும் சப்பாத்தி சாப்பிட்டதில் ஐந்து கிலோ குறைந்தேன். பொங்கலுக்குப் பிறகு மறுபடியும் சோற்றுக்கு வந்தேன். குறைந்த எடை முழுவதும் திரும்பிவிட்டது. சோறு இல்லாவிட்டால் சாப்பிட்ட நிறைவே எனக்கு வருவதில்லை. என்ன செய்வது? – வாசகி, கும்பகோணம்

சோறே சாப்பிடுங்கள். 100 கிராம் அரிசியிலும் 100 கிராம் கோதுமை மாவிலும் ஏறத்தாழ ஒரே அளவு கலோரிதான், அதாவது 320 முதல் 360 வரை, இருக்கிறது. கோதுமையில் நார்ச்சத்தும் புரதமும் சற்றுக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் உங்கள் எடை குறைந்ததற்கு அது முக்கியமான காரணம் அன்று. சப்பாத்தியை எல்லோரும் எண்ணிச் சாப்பிடுகிறோம், சோற்றை யாரும் அளந்து சாப்பிடுவதில்லை. மூன்று சப்பாத்தி ஆனதும் 'போதும்' என்று கை தானாக நின்றுவிடுகிறது.

நம் சாப்பாட்டின் அமைப்பையும் இங்கே கவனிக்க வேண்டும். சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சோறு மூன்று தடவை தட்டுக்கு வருகிறது. வற்றல் குழம்பு வைத்த நாளில் அது நான்காகிறது. ஒவ்வொரு தடவையும் 'கொஞ்சம்தான்' என்று போட்டுக்கொள்வதால், மொத்தம் எவ்வளவு என்று சாப்பிடுகிறவருக்கே தெரிவதில்லை. சமைத்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி உண்டு. நான்கு முறை போட்டுக்கொண்டால் 400 கிராமைத் தாண்டுவது எளிது.

இதற்கு நான் சொல்லும் வழி, மதியச் சோற்றை முதலிலேயே ஒரே கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, அதையே மூன்றாகப் பிரித்துச் சாப்பிடுவது. 200 கிராம் அளவு பலருக்குப் போதும். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம், மோரையும் அப்படியே. அந்த இரண்டுக்கும் சோறு கட்டாயம் என்பது பழக்கமே தவிர வேறில்லை. குறைந்த சோற்றின் இடத்தைப் பொரியலும் கூட்டும் நிரப்ப வேண்டும். பொரியல் தொட்டுக்கொள்வதற்கு என்ற நிலை மாறி, தட்டில் பாதியாக வேண்டும். முதல் சில வாய் காய்கறியாகவே இருந்தால் வேகமாகச் சாப்பிடும் பழக்கமும் தணியும், சாப்பாட்டுக்குப் பின் இரத்தச் சர்க்கரை ஏறும் வேகமும் குறையும்.

புரதத்தையும் மறக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து, சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நாடு முழுவதும் நடத்திய ஆய்வின்படி, நாம் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது; புரதத்தின் பங்கு 12 விழுக்காட்டளவே. முட்டை, மீன், தயிர், சுண்டல், கெட்டியான பருப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வேளையும் இருந்தால், மாலை நான்கு மணிக்கு முறுக்கு டப்பாவைத் தேடும் பசி பெரிதும் அடங்கிவிடும்.

எண்ணெயைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. நல்லெண்ணெயானாலும் கடலை எண்ணெயானாலும் ரீஃபைண்ட் ஆனாலும் இதில் வேறுபாடு இல்லை. மாதத்துக்கு வாங்கும் எண்ணெயை வீட்டிலுள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒருவருக்கு அரை லிட்டருக்கு மேல் போனால், சோற்றைக் குறைப்பதற்கு முன் வாணலியைக் கவனிக்க வேண்டும்.

அறவே விடுவது ஏன் நிலைப்பதில்லை என்பதற்கு ஒரு பழைய ஆய்வு விளக்கம் தருகிறது. 1944, 1945 ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு ஆறு மாத காலம் வழக்கத்தில் ஏறத்தாழப் பாதி உணவை மட்டும் கொடுத்துப் பார்த்தார். அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. அதுவரை சமையலில் அக்கறையே காட்டாதவர்களில் சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். கட்டுப்பாடு நீங்கியபின் பலர் வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டார்கள். அவர்கள் மன உறுதி இல்லாதவர்கள் அல்லர். நீங்களும் அப்படித்தான், பொங்கலுக்குப் பிறகு நடந்ததற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: வயது 29, கணினி நிறுவனத்தில் வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை மிகக் கட்டுப்பாடாக இருக்கிறேன். சனிக்கிழமை நண்பர்களோடு பிரியாணி சாப்பிட்டால், 'கெட்டது கெட்டுவிட்டது' என்று ஞாயிறு இரவு வரை கண்டதையும் சாப்பிடுகிறேன். பிறகு இரண்டு வாரம் எதையும் கடைப்பிடிக்க மனம் வருவதில்லை. – வாசகர், சென்னை

உங்களுக்கு நேர்வது மிகப் பொதுவானது. உளவியலாளர்கள் அரை நூற்றாண்டாக ஆராய்ந்துவருவதும்கூட. 1975-ஆம் ஆண்டு பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள், இல்லாதவர்கள் என்ற இரு சாராரிலும் சிலருக்கு மட்டும் முதலில் மில்க் ஷேக் கொடுத்து, அதன்பின் எல்லோரையும் ஐஸ்கிரீமைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். கட்டுப்பாடு இல்லாதவர்களில் மில்க் ஷேக் குடித்தவர்கள் வயிறு நிறைந்திருந்ததால் ஐஸ்கிரீமைக் குறைவாகவே எடுத்தார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களிலோ, மில்க் ஷேக் குடிக்காதவர்களைவிடக் குடித்தவர்களே அதிகமாக எடுத்தார்கள். விதி உடைந்துவிட்டது என்ற எண்ணமே அவர்களைச் சாப்பிட வைத்தது, பசி அன்று.

கணக்காகவும் பார்ப்போம். ஐந்து நாளும் நாளொன்றுக்கு 400 கலோரி குறைத்தால் வாரத்தில் 2,000 கலோரி மிச்சம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தலா 1,000 கலோரி கூடுதலாகப் போனால் அந்த மிச்சம் முழுவதும் தீர்ந்துவிடும். எனவே வார நாள்களை இன்னும் இறுக்குவதில் பயனில்லை, அவற்றைச் சற்றுத் தளர்த்துங்கள். 400 குறைக்கிற இடத்தில் 250 குறைத்தால், சனிக்கிழமை அவ்வளவு வெறியோடு வராது.

பிரியாணியை உங்கள் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். அது தவறு செய்யும் நாளின் உணவாக இருக்கும்வரை, அதைச் சாப்பிடும் ஒவ்வொரு முறையும் நீங்கள் குற்றவாளியாகத்தான் எழுந்திருப்பீர்கள். மதிய வேளையில் சாப்பிடுங்கள். அதற்காகக் காலை டிபனை விட்டுவிட்டுப் போகாதீர்கள். காய்ந்த வயிற்றோடு உட்காருகிறவர் அரை பிளேட்டில் நிறுத்துவதில்லை. கறித் துண்டுகளையும் முட்டையையும் முழுமையாக எடுத்துக்கொண்டு, சோற்றை நண்பரோடு பகிர்ந்துகொள்ளலாம். கூடவே வரும் சிக்கன் 65-உம் குளிர்பானமும் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா, மேசையில் இருப்பதால் சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும்.

ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்ற பயத்துக்கும் ஆதாரமில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளிலேயே கைகூடியது, சிலருக்கு 254 நாள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது யாருடைய பழக்கத்தையும் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே சனிக்கிழமை மதியம் எது நடந்திருந்தாலும், அன்று இரவு வழக்கம்போல் இரண்டு இட்லியும் சாம்பாரும் சாப்பிடுங்கள். பட்டினி கிடந்து ஈடுசெய்யவும் வேண்டாம். அளவின்றிச் சாப்பிடுவதும், பிறகு பட்டினி கிடப்பதும் அல்லது வாந்தி எடுப்பதும் உங்களிடம் தொடர்ந்து இருக்குமானால், அது உணவுக் கட்டுப்பாட்டில் தீரக்கூடியது அன்று. மனநல மருத்துவரைப் பார்ப்பதே முறை.

கேள்வி: வெந்நீரில் தேன், சீரகத் தண்ணீர், கொள்ளு ரசம்: இவற்றில் எது கொழுப்பைக் கரைக்கும்? – வாசகர், திருநெல்வேலி

எதுவும் கரைக்காது. ஒரு மேசைக்கரண்டித் தேனில் சுமார் 60 கலோரி இருக்கிறது என்பதால், வெறும் வெந்நீரே மேல். கொள்ளு வேறு வகை. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று சொன்னவர்கள் வெறுமனே சொல்லிவிடவில்லை. அதில் புரதமும் நார்ச்சத்தும் மிகுதி, சாப்பிட்டால் நெடுநேரம் பசிக்காது. ஆனால் அந்தப் பயன் கிடைக்கக் கொள்ளையே சாப்பிட வேண்டும். வடித்த தண்ணீரில் ரசம் வைத்துக் குடித்துவிட்டுக் கொள்ளை மாட்டுக்குப் போட்டால், இளைப்பது நீங்களாக இருக்காது.

கேள்வி: வயது 51. நான்கு மாதமாகத் தினமும் நடக்கிறேன், இனிப்பையும் பெரிதும் குறைத்துவிட்டேன். முதலில் மூன்று கிலோ குறைந்தது. கடந்த ஒரு மாதமாக மெஷினில் முள் அசையவே இல்லை. இனி எதற்கு நடக்க வேண்டும் என்று சலிப்பாக இருக்கிறது. – வாசகி, சேலம்

முதலில் குறையும் எடையில் ஒரு பகுதி நீர். மாவுச்சத்தைக் குறைக்கும்போது உடல் தான் சேமித்துவைத்த சர்க்கரையான கிளைக்கோஜனைச் செலவிடுகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் வெளியேறுகிறது. அந்த வேகத்தை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மேலும், எடை குறைந்த உடலுக்குத் தேவைப்படும் ஆற்றலும் குறைகிறது என்பதால், நான்கு மாதத்துக்கு முன் எடையைக் குறைத்த அதே சாப்பாடு இன்று எடையை நிலையாக வைத்திருக்கும் சாப்பாடாகியிருக்கலாம்.

ஆனால் 'எதற்கு நடக்க வேண்டும்' என்ற கேள்விக்கு நேரடியான பதில் சென்னையிலிருந்தே உண்டு. சர்க்கரை நோயின் எல்லையில் இருந்த 531 பேரைக் கொண்டு மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு அது. வாழ்க்கைமுறைப் பயிற்சி பெறாத குழுவில், மூன்று ஆண்டுகளில் 55 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவை ஒழுங்குபடுத்தி, சுறுசுறுப்பாக நடக்கவும் பயிற்சி பெற்ற குழுவில் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. இதில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி, இரண்டாவது குழுவினரின் சராசரி எடை குறிப்பிடும்படியாகக் குறையவில்லை என்பதுதான். அவர்கள் வீட்டு மெஷினிலும் முள் அசைந்திருக்காது; ஆனால் பலருக்கு வரவிருந்த நோய் வரவில்லை.

எனவே வேறு அளவுகளையும் பாருங்கள். இடுப்புச் சுற்றளவை மாதம் ஒரு முறை தையல் டேப்பால் அளந்து எழுதுங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் எல்லைக்கோடுகள். எடையை நாள்தோறும் பார்ப்பது உங்களைச் சோர்வடையச் செய்தால் வாரம் ஒரு முறை, அதே கிழமை, காலையில் வெறும் வயிற்றோடு பாருங்கள். முன்தினம் ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டிருந்தால் உப்பு பிடித்துவைக்கும் நீரே முக்கால் கிலோ காட்டும். நடையோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் சேருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடிக்காமல் எழுவதிலேயே தொடங்கலாம். தைராய்டு பரிசோதனை செய்து நெடுநாள் ஆகியிருந்தால் அதையும் செய்துகொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், உணவை மேலும் குறைப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்பது அவசியம். இல்லாவிட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடக்கூடும்.

கேள்வி: கூட்டுக் குடும்பம், ஏழு பேருக்கு நான்தான் சமைக்கிறேன். எனக்கென்று தனியாகச் சமைக்க நேரமும் இல்லை, செய்தால் பேச்சும் வரும். 'இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோ' என்று மாமியார் அன்போடு சொல்லும்போது மறுக்கவும் முடிவதில்லை. – வாசகி, பொள்ளாச்சி

தனியாகச் சமைக்கவே வேண்டாம். ஒரே அடுப்பில் ஆனதையே எல்லோரும் சாப்பிடுங்கள். உங்கள் தட்டில் விகிதம் மட்டும் மாறட்டும். பொரியலைக் கூடுதலாகச் செய்யுங்கள், தேங்காயைக் கடைசியில் தூவுவதாக இருந்தால் உங்கள் பங்கை அதற்கு முன்பே எடுத்துவைத்துக்கொள்ளலாம். எண்ணெயைப் பாத்திரத்திலிருந்து அப்படியே ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றினால் ஏழு பேருக்கும் நல்லது; ருசி மாறியதாக யாரும் சொல்லப்போவதில்லை.

மாமியாரிடம் 'நான் டயட்டில் இருக்கிறேன்' என்று சொல்லாதீர்கள். அது அவர் சமையலையோ அன்பையோ மறுப்பதாகப் படும். 'ரசம் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள் அத்தை, நன்றாக இருக்கிறது' என்று கேட்டு வாங்குங்கள். பரிமாறுகிறவருக்கு வேண்டியது நீங்கள் இரண்டாம் முறை வாங்க வேண்டும் என்பது. அது சோறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. விசேஷ நாளில் பாயசத்தை முழுமையாக, உட்கார்ந்து, ருசித்துக் குடியுங்கள். பலகாரங்களில் உங்களுக்கு மிகப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு, பிடிக்காத லட்டை மரியாதைக்காகச் சாப்பிடுவதை விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் எழுதப்படாத ஒன்றையும் கேட்கத் தோன்றுகிறது. நீங்கள் எப்போது சாப்பிடுகிறீர்கள்? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மூன்று மணிக்கு, நின்றுகொண்டே, மிஞ்சிய சோற்றையும் பிள்ளைகள் தட்டில் வைத்த பாதி தோசையையும் 'வீணாக்கக் கூடாதே' என்று முடித்துவைப்பவராக இருந்தால், உங்கள் எடைக்கு மாமியாரின் கரண்டி காரணமாக இருக்காது. பிள்ளைகளுக்கு முதலிலேயே குறைவாக வைத்து, கேட்டால் மறுபடி வையுங்கள். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் காலைப் பழையசோறாகும். பிறகு ஒரு மணிக்கே, வீட்டாரோடு சேர்ந்து நீங்களும் தட்டோடு உட்காருங்கள். பரிமாறுவதை அன்றன்றைக்கு ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.