அப்பாவின் எல்.பி.யா, புது அச்சா?

கேள்வி: அப்பா 1970களில் வாங்கிய சினிமாப் பாட்டு எல்.பி. இசைத்தட்டு ஒன்று வீட்டில் கரகரப்போடு கிடக்கிறது. அதே தட்டு இப்போது மறுபதிப்பாக வந்திருக்கிறது, விலை இரண்டாயிரத்துக்கு மேல். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய பிரதியை முந்நூறுக்குத் தருகிறார்கள். ஒரிஜினலுக்கு ஈடில்லை என்கிறார் நண்பர். எதை வாங்கலாம்?
- வாசகர், லாஸ்பேட்டை

பதில்: நண்பர் சொல்வதில் பாதி சரி, தம்பி. முதல் அச்சு வந்தபோது பாட்டு பதிவான காந்த நாடா புதுசு. அதிலிருந்து லாக்கர் என்ற மெருகுப்பூச்சு பூசிய தட்டில் பள்ளமாக வெட்டி, அதை வைத்து உலோக அச்சு எடுத்து, அந்த அச்சில்தான் வினைல் என்ற பிளாஸ்டிக்கை அழுத்துகிறார்கள். அச்சு தேயத் தேயத் தட்டின் நுணுக்கம் மழுங்கும். எனவே ஒரிஜினலிலேயே முதலில் அழுத்தியதும் கடைசியில் அழுத்தியதும் ஒன்றல்ல.

நம் பக்கத்தில் அதைவிட முக்கியம், தட்டு யார் கையில் இருந்தது என்பது. திருப்பாதிரிப்புலியூரில் முப்பது வருஷம் ரெக்கார்டு பிளேயர் ரிப்பேர் பார்த்தவன் நான். என்னிடம் வந்த தட்டுகளில் பாதி மைக் செட்காரர்களுடையவை. கல்யாணம், காதுகுத்து, தீமிதி என்று விடிய விடிய ஓடியவை. அந்தக்கால பிளேயரின் ஊசி ஐந்து கிராமுக்கு மேல் அழுத்தும். இன்றைய நல்ல கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருத்திய பாகம்) இரண்டு கிராம் போதும். தேய்ந்த ஊசியையும் மாற்ற மாட்டார்கள். அப்புறம் அது ஊசியில்லை, உளி.

சந்தையில் தட்டை வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். கருகருவென்று மின்ன வேண்டும்; சாம்பல் பூத்திருந்தால் பள்ளம் போய்விட்டது. நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் மயிரிழைக் கோடுகள் நிறைய இருந்தால் ரொம்ப ஓடிய தட்டு. போட்டுக் காட்டினால், லேபிளை ஒட்டிய கடைசிப் பாட்டைக் கேளுங்கள். உள்வட்டத்தில் பள்ளம் ஊசியைக் கடக்கும் வேகம் குறைவு. தேய்மானம் அங்கேதான் முதலில் காதில் விழும். பாடகியின் ‘ச’வும் ‘ஸ’வும் சீறினால் வைத்துவிட்டு வாருங்கள்.

2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் அடித்தபோது என் அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க நனைந்தது. உறைகள் கூழாகிவிட்டன. தட்டுகள் பிழைத்தன. அதில் இரண்டு தட்டுகளுக்குப் பின்னாளில் மறுபதிப்பு வந்தது. வாங்கி, அதே ஊசியில், சத்தத்தைச் சமமாக வைத்து மாற்றி மாற்றிக் கேட்டேன். சத்தம் சமமாக இல்லாவிட்டால் உரத்ததுதான் நல்லது என்று காது ஏமாறும். ஒன்றில் பழையது ஜெயித்தது: தபேலாவின் இடக்கை அடி வயிற்றில் வந்து உட்கார்ந்தது, புதியதில் அது தட்டையாகி, வயலின்கள் மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு நின்றன. இன்னொன்றில் புதியதுதான். பாட்டுக்கு நடுவே பாடகி மூச்சு இழுப்பது, பழைய தட்டின் இரைச்சலில் இத்தனை வருஷம் எனக்குக் கேட்டதே இல்லை. அன்று ராத்திரி அந்த இடத்தை நாலு தடவை போட்டுக் கேட்டேன்.

டிஜிட்டலிலிருந்து எடுத்த மறுபதிப்பு என்றாலே மட்டம் என்று பேசுவதையும் நான் ஒப்ப மாட்டேன். அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் மறுபதிப்புத் தட்டுகளை, முழுக்க நாடாவிலிருந்தே வெட்டியவை என நம்பி ரசிகர்கள் கொண்டாடினார்கள். இடையில் டிஜிட்டல் கட்டம் உண்டு என்பது 2022இல் வெளியே வந்தது. அதுவரை அந்தக் காதுகளுக்குக் குறை தெரியவில்லையே! எந்த நாடாவிலிருந்து எடுத்தார்கள், யார் கவனமாகச் சீரமைத்தார்கள் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. 180 கிராம் எடை என்று உறையில் போட்டிருப்பதால் மட்டும் ஒலி கூடிவிடாது.

உங்களுக்கு நான் சொல்வது: முதலில் அப்பாவின் தட்டைக் கழுவுங்கள். நான் பார்த்த கரகரப்பில் பெரும்பகுதி அழுக்குதான். கழுவியும் தீரவில்லையென்றால், சந்தைப் பிரதி மேலே சொன்ன சோதனையில் தேறினால் அதை வாங்குங்கள். தேறாவிட்டால் தயங்காமல் மறுபதிப்பு.

கேள்வி: உப்புக்காற்றில் தட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கிறது. எதில் கழுவுவது?
- வாசகி, தேவனாம்பட்டினம்

பதில்: பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு சொட்டு சோப்புத் திரவம். லேபிள் நனையாமல், மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் தட்டு வளைந்துவிடும். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்குத் தட்டுகளில் மட்டும் ஸ்பிரிட் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். பூஞ்சை பிடித்த உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது உறை மாற்றுங்கள்.